பேர் தெரியாத மென்பொருளை எப்படித் தேடுறது? லினக்ஸ், பிஎஸ்டி

தொண்டி, 2025 செப்டம்பர் 14

மடிக்கணினியில டெபியன் 13ங்கற லினக்ஸ் இருக்கு. படகு ஜிபிஎஸ்ல பதிஞ்சு வச்ச புள்ளிகளை எடுத்து, கடல் வரைபடத்து மேல போட்டுப் பாக்கணும். சாஃப்ட்வேர் மையத்துல "கடல் வரைபடம்"னு தட்டினா ஒண்ணும் வரல. "மேப்"னு தட்டினா ரோட்டு வரைபடம் வருது. நிறுவறது ஒரே வரி வேலைன்னு எல்லாரும் சொல்றாங்க. அந்த ஒரு வரியில போட வேண்டிய பேரே தெரியாதவன் என்ன செய்யறது? லினக்ஸ்ல நிறுவறது சுலபம், கண்டுபிடிக்கிறதுதான் கஷ்டம். இது தப்புன்னா சொல்லுங்க.

மண்டபம், செப்டம்பர் 14

தப்பே இல்ல தம்பி. முதல்ல பேர்: ஓபன்சிபிஎன். புள்ளிகளை ஒரு வடிவத்துலேர்ந்து இன்னொண்ணுக்கு மாத்த ஜிபிஎஸ்பேபல். கட்டளைகளை வாயால சொல்ற மாதிரி தமிழ் எழுத்துல போடுறேன், முனையத்துல (டெர்மினல்) ஆங்கில எழுத்துல தட்டிக்கங்க. ஆப்ட்ங்கறது டெபியன்ல மென்பொருளைத் தேடி இறக்கி நிறுவற கருவி.

சூடோ ஆப்ட் அப்டேட்
சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஓபன்சிபிஎன் ஜிபிஎஸ்பேபல்

இனி, ஏன் கிடைக்கலைங்கறது. சாஃப்ட்வேர் மையமும் ஆப்ட் சர்ச்சும் ஒரே இடத்துல தேடுறதில்ல. ஆப்ட் சர்ச், பேக்கேஜோட (நிறுவறதுக்குக் கட்டி வச்ச மென்பொருள் பொதி) பேரையும் விவரத்தையும் பாக்கும். ரெண்டு சொல் குடுத்தா ரெண்டும் இருக்கிறதை மட்டும்தான் காட்டும். அதனால நீளமா ஒரு வாக்கியம் தட்டினா பட்டியல் சுருங்கிக் காலியாயிடும். "மரைன்"னு ஒரே சொல்லுல தொடங்கி, பட்டியல் நீளமா வந்தா மட்டும் "நேவிகேஷன்" சேருங்க.

சாஃப்ட்வேர் மையம் தேடுறது ஆப்ஸ்ட்ரீம்ங்கற தனித் தகவல்ல. அதுல பேர், சுருக்கம், விவரம், திறவுச்சொல், திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எல்லாம் இருக்கும். டெபியன்ல ஆப்ட் அப்டேட் ஓடும்போது "காம்போனென்ட்ஸ்"னு ஒரு கோப்பா இறங்கும். மென்பொருள்காரர் தமிழ்ல எழுதி வைக்கலைன்னா தமிழ்ல தட்டுறவங்களுக்கு அது இல்லாத பொருள்தான். முனையத்துல மட்டும் ஓடுற கருவிகள் பெரும்பாலும் அந்த மையத்துல வராது. ஜிபிஎஸ்பேபலோட கட்டளை வடிவம் அப்படித்தான்.

கீழக்கரை, செப்டம்பர் 15

பேரே தெரியாம எடுக்க டெபியன்ல ஏற்கெனவே ஒரு வழி இருக்கு, யாரும் சொல்றதில்ல. "பிளெண்ட்ஸ்"னு வேலைவாரியா கட்டி வச்ச மூட்டைகள். ஜிஐஎஸ் (புவித்தகவல்) மூட்டைக்குள்ள "ஜிஐஎஸ்-ஜிபிஎஸ்"னு ஒண்ணு. பள்ளிக்கூடத்துக்கு "எஜுகேஷன்-ஜியாக்ரஃபி", "எஜுகேஷன்-மேத்தமேட்டிக்ஸ்". சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஜிஐஎஸ்-ஜிபிஎஸ் குடுத்தா அந்த வேலைக்கு வேண்டியது மொத்தமா இறங்கும். உள்ள என்ன இருக்குன்னு முன்னாடியே பாக்க ஆப்ட் ஷோ ஜிஐஎஸ்-ஜிபிஎஸ்.

மண்டபம், செப்டம்பர் 15

கீழக்கரை காக்கா சொன்னது நல்ல வழி. ஆனா இங்க ஒரு பொறி இருக்கு. இந்த மூட்டைகள் உள்ளடக்கத்தை "டிபெண்ட்ஸ்" (கட்டாயம் வேணும்)னு கட்டாம "ரெக்கமெண்ட்ஸ்" (இருந்தா நல்லது)னுதான் கட்டியிருக்கு. டேட்டா மிச்சம் பிடிக்க நாம எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கிறது "--நோ-இன்ஸ்டால்-ரெக்கமெண்ட்ஸ்". ரெண்டையும் சேத்தா வெறும் மூட்டைத்துணிதான் வரும், உள்ள ஒண்ணும் இருக்காது. நிறுவியாச்சுன்னு செய்தி வரும், மெனுவில எதுவும் இருக்காது. மூட்டையை எடுக்கும்போது மட்டும் அந்த விருப்பத்தை விட்டுருங்க. ஆப்ட் கான்ஃப்ல, அதாவது ஆப்டோட அமைப்புக் கோப்புல, நிரந்தரமா எழுதி வச்சவங்க அந்த ஒரு தடவைக்கு "--இன்ஸ்டால்-ரெக்கமெண்ட்ஸ்" குடுக்கலாம்.

மண்டபம், செப்டம்பர் 16

நேத்து விட்டுப்போனது. கோப்பு பேர் தெரியும், எந்தப் பேக்கேஜ்னு தெரியாதுங்கற நிலை அடிக்கடி வரும். அதுக்கு ஆப்ட்-ஃபைல். நிறுவினதும் ஒருமுறை சூடோ ஆப்ட்-ஃபைல் அப்டேட், அப்புறம் ஆப்ட்-ஃபைல் சர்ச் நோட்டோசான்ஸ்தமிழ். ஃபான்ட்ஸ்-நோட்டோ-கோர்னு பதில் வரும். ஃபெடோராங்கற இன்னொரு லினக்ஸ்ல இதுக்கு டிஎன்எஃப் ப்ரொவைட்ஸ்.

தமிழ் சம்பந்தமானதைத் தேடும்போது இன்னொரு குழப்பம். ஒரே மொழிக்கு மூணு சுருக்கம் புழங்குது. லிப்ரஆஃபீஸ் மொழிப் பேக்கேஜ் முடியறது "டிஏ"ன்னு. டெசராக்ட் எழுத்துணரி முடியறது "டிஏஎம்"னு. எழுத்துருக்கள்ல "டிஏஎம்எல்", ஏன்னா அது மொழிக்குறி இல்ல, எழுத்துமுறைக் குறி. பேரை வச்சு ஊகிக்காம ஆப்ட் சர்ச் தமிழ்னு, அதாவது ஆங்கில எழுத்துல, விவரத்துல தேடுறதுதான் நிச்சயம்.

தொண்டி, செப்டம்பர் 17

அண்ணே, ஓபன்சிபிஎன் வந்துருச்சு. இப்ப எங்ககிட்ட இருக்கிற எட்டு கணினிக்கும் போடணும். இணையம் ஒரு கைபேசி ஹாட்ஸ்பாட் மட்டும். எட்டு தடவை இறக்கணுமா?

மண்டபம், செப்டம்பர் 17

வேண்டாம். ஒண்ணுல ஆப்ட்-கேச்சர்-என்ஜி போடுங்க, ஒருதடவை இறக்கினதைச் சேமிச்சு மத்த கணினிகளுக்குக் குடுக்கும். நிறுவும்போது ஹெச்டிடிபி டனல் வேணுமான்னு கேக்கும், வேண்டாம்னு விட்டுருங்க. அது 3142ஆம் போர்ட்ல காத்திருக்கும். கேச்சர் கணினியையும் சேத்து எட்டுலயும் ஈடிசி, ஆப்ட், ஆப்ட்.கான்ஃப்.டி அடைவுக்குள்ள "00ப்ராக்ஸி"ன்னு ஒரு கோப்பு, அதுல ஒரே வரி: அக்வயர், ஹெச்டிடிபி, ப்ராக்ஸி மூணையும் நடுவுல ரெட்டை ரெட்டை முக்காற்புள்ளி வச்சுச் சேத்து, ஒரு இடைவெளி விட்டு, மேற்கோள்குறிக்குள்ள முகவரியும் போர்ட்டும். உதாரணமா 192.168.1.10:3142, முன்னாடி ஹெச்டிடிபி. வரி முடிவுல அரைப்புள்ளி கட்டாயம். அது விட்டுப்போனா ஆப்ட் அந்தக் கோப்பைப் படிக்கும்போதே நின்னுரும்.

முதல் கணினி இறக்கினது வார், கேச் அடைவுல ஆப்ட்-கேச்சர்-என்ஜிக்குள்ள தங்கும். மீதி ஏழும் உள்ளூர் வயர்லயே எடுத்துக்கும்.

தகராறு வர்ற ரெண்டு இடம். ஒண்ணு, களஞ்சிய (பேக்கேஜ்களை வச்சிருக்கிற இடம்) முகவரி ஹெச்டிடிபிஎஸ்னு இருந்தா கேச்சரால உள்ள பாத்துச் சேமிக்க முடியாது. டெபியன் களஞ்சியத்தை வெறும் ஹெச்டிடிபின்னு மாத்துங்க. பாதுகாப்பு குறையாது, ஏன்னா ஆப்ட் சரிபாக்கிறது கையொப்பத்தை. ரெண்டு, ஹாட்ஸ்பாட்டை அணைச்சுப் போட்டா முகவரி மாறலாம், ஏழும் வழி தெரியாம நிக்கும். நடுவுல ஒரு சின்ன ரௌட்டர் வச்சு, கேச்சர் கணினிக்கு நிலையான முகவரி குடுங்க.

கீழக்கரை, செப்டம்பர் 18

நம்ம பக்கம் இதுல முக்கியமா ஒண்ணு பாக்கணும். பழைய கணினி எட்டு இருந்தா அதுல ரெண்டு மூணுலயாவது கடிகாரம் தப்பா இருக்கும். மதர்போர்டு பேட்டரி, சிஆர் 2032, தீந்திருக்கும். இல்லாட்டி உப்புக்காத்துல அந்தப் பிடி பச்சை பூத்திருக்கும். தேதி பின்னாடி போயிட்டா ஆப்ட் "ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகலை, இத்தனை மணி நேரம் இருக்கு"ன்னு சொல்லி நின்னுரும். இதை இணையக் கோளாறுன்னு நினைச்சு மணிக்கணக்கா அலையுறாங்க. டைம்டேட்சிடிஎல் தட்டினா தெரிஞ்சுரும். பேட்டரி மாத்தும்போது பிடியை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல துடைச்சு, நல்லா காய வச்சு மாட்டுங்க. ராஸ்ப்பெர்ரி பைல 5க்கு முந்தின மாடல்ல கடிகாரச் சில்லே கிடையாது. இணையம் இல்லாம எழுப்பினா தேதி பின்தங்கித்தான் இருக்கும்.

மண்டபம், செப்டம்பர் 18

அந்தச் செய்திக்கு "செக்-வேலிட்-அன்டில்" அணைக்கச் சொல்லி ஒரு வைத்தியம் சுத்துது. அது காலாவதியான கோப்புக்கு. "இன்னும் செல்லுபடியாகலை"ங்கறதுக்கு உள்ளது "செக்-டேட்". ரெண்டையுமே அணைக்காதீங்க. தேதியைச் சரி பண்றதே போதும்.

மண்டபம், செப்டம்பர் 20

இணையமே இல்லாத இடத்துக்கு பென் டிரைவ் வழி. இணையம் உள்ள கணினியும் அதே டெபியன் பதிப்பு, அதே கட்டமைப்பா இருக்கணும். டிபிகேஜி --பிரிண்ட்-ஆர்க்கிடெக்சர் தட்டி ரெண்டுலயும் ஒரே பதிலான்னு பாத்துக்கங்க. டெப் கோப்புகளை (டெபியன் பேக்கேஜ் கோப்புகள்) ஒரு அடைவுல சேத்து, அங்கேயே டிபிகேஜி-ஸ்கேன்பேக்கேஜஸ் மைனஸ் எம் புள்ளி, வெளியீட்டை "பேக்கேஜஸ்" கோப்புக்குத் திருப்புங்க. மைனஸ் எம் இல்லாட்டி ஒரே பேக்கேஜோட ரெண்டு பதிப்பு இருக்கும்போது ஒண்ணு விடுபடும். போற இடத்துல அந்த அடைவைக் களஞ்சியமா எழுதி "டிரஸ்டட்: யெஸ்" போட்டா வேலை முடிஞ்சுது.

மண்டபம், செப்டம்பர் 21

நேத்து எழுதினதுல ரெண்டு திருத்தம்.

"டிரஸ்டட்: யெஸ்" போடச் சொன்னது சரியில்ல. பத்துக் கை மாறுற பென் டிரைவ்ல கையொப்பம் இல்லாத களஞ்சியம், யாரு எதைச் சொருகினாலும் ரூட் (நிர்வாகி) உரிமையோட ஓடும். ஆப்ட்-எஃப்டிபிஆர்க்கைவ் ரிலீஸ் வச்சு ரிலீஸ் கோப்பு உண்டாக்கி, ஜிபிஜி --கிளியர்சைன் குடுத்து "இன்ரிலீஸ்" பண்ணுங்க. பொதுச்சாவியை ஆப்ட் அடைவுல "கீரிங்ஸ்"க்குள்ள வச்சு "சைன்ட்-பை"ல காட்டினாப் போதும். பழைய ஆப்ட்-கீ கட்டளையை நம்பாதீங்க, டெபியன் 13ல அது இல்ல.

ரெண்டாவதுதான் இந்த இழையோட கேள்வியைத் தொடுது. இப்படிக் கட்டின களஞ்சியத்துல ஆப்ஸ்ட்ரீம் தகவல் கிடையாது. ஆப்ட் இன்ஸ்டால் நல்லா ஓடும், சாஃப்ட்வேர் மையத்துல தேடினா அது கண்ணுலயே படாது. பேர் தெரிஞ்சவனுக்கு மட்டும் திறக்கிற கதவை நாமளே திரும்பக் கட்டின மாதிரி ஆயிடும். கேச்சர் வழில இந்தக் குறை இல்ல, அது மூலக் களஞ்சியத்தோட கோப்புகளை அப்படியே கடத்துது.

இணையம் இல்லாத இடத்துக்கு நான் இப்ப சொல்றது ஆப்ட்-ஆஃப்லைன். இணையமில்லாத கணினியில ஆப்ட்-ஆஃப்லைன் செட், வேண்டியதைக் குறிச்சு வைக்கிற ஒரு கோப்புக்குப் பேர், கூட --அப்டேட். அந்தச் சின்னக் கோப்பை இணையம் உள்ள இடத்துக்குக் கொண்டுபோய் ஆப்ட்-ஆஃப்லைன் கெட், --பண்டில் குடுத்து ஒரு ஜிப். திரும்பி வந்து ஆப்ட்-ஆஃப்லைன் இன்ஸ்டால். முதல் நடையில பட்டியல் மட்டும், ரெண்டாம் நடையில --இன்ஸ்டால்-பேக்கேஜஸ் குடுத்துப் பேக்கேஜ். ஒரே நடையில ரெண்டையும் முடிக்கப் பாத்தா, பழைய பட்டியலை நம்பிக் கேட்ட பதிப்பு களஞ்சியத்துல இல்லாம போகும்.

பாம்பன், செப்டம்பர் 24

லினக்ஸ் மாதிரி இன்னொரு இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டி பக்கமும் இதே கதைதான் அண்ணே. பிகேஜி சர்ச் சும்மா தட்டினா பேர்ல மட்டும்தான் தேடும். மைனஸ் சி குடுத்தா ஒருவரிச் சுருக்கத்துல, மைனஸ் பெரிய டி குடுத்தா முழு விவரத்துல. இது தெரியாமத்தான் "ஃப்ரீபிஎஸ்டில ஒண்ணுமே இல்ல"ன்னு பாதிப் பேர் சொல்றாங்க. போர்ட்ஸ் மரம் (மூலநிரல்லேர்ந்து கட்டறதுக்கான குறிப்புத் தொகுப்பு) இறக்கி வச்சவங்க அங்க மேக் சர்ச் கீ= குடுத்தும் தேடலாம். ஓபன்பிஎஸ்டில பிகேஜி_இன்ஃபோ மைனஸ் பெரிய க்யூ.

ஒரு பேக்கேஜ் இணையத்துல காட்டுது, நம்ம கணினியில வரலன்னா காலாண்டுக் கிளையா, லேட்டஸ்ட்டான்னு பாருங்க. இயல்பா இருக்கிறது காலாண்டு. ரெண்டையும் கலக்காதீங்க, நூலகப் பதிப்பு முட்டிக்கும்.

பென் டிரைவுக்கு இங்க வழி சுலபம். பிகேஜி ஃபெட்ச் மைனஸ் டி மைனஸ் ஓ அடைவு, பேக்கேஜ் பேர். சார்ந்ததெல்லாம் சேந்து வரும். பிகேஜி ரெப்போ அடைவு. போற இடத்துல களஞ்சியக் கோப்புல அந்த அடைவைக் காட்டணும், அவ்வளவுதான்.

கீழக்கரை, செப்டம்பர் 25

எந்த லினக்ஸ்லயும் ஓடுற மாதிரிக் கட்டின ஃப்ளாட்பேக்கை யாரும் சொல்லலையே? படம், விவரம், தேடல் எல்லாம் அதோட களஞ்சியமான ஃப்ளாட்ஹப்ல நல்லாத்தான் இருக்கு.

மண்டபம், செப்டம்பர் 25

கண்டுபிடிக்க நல்லது, உண்மை. முதல் மென்பொருளோட ரன்டைம் (அது ஓடத் தேவையான அடிப்படைத் தொகுப்பு) சில நூறு எம்பி இழுக்கும், ஆப்ட் கேச்சர் அதைச் சேமிக்காது. எட்டு கணினின்னா ஃப்ளாட்பேக் கிரியேட்-யுஎஸ்பி. அதுக்கு முன்னாடி ஃப்ளாட்ஹப் ரிமோட்டுக்கு கலெக்ஷன் ஐடி, ஓஆர்ஜி.ஃப்ளாட்ஹப்.ஸ்டேபிள்னு வைக்கணும். அதை விட்டா எழுத மறுக்கும். இறக்குற இடத்துல --சைட்லோட்-ரெப்போன்னு பென் டிரைவுக்குள்ள இருக்கிற மறைவு அடைவு, புள்ளி ஓஎஸ்ட்ரீ, அதுக்குள்ள ரெப்போ.

மண்டபம், அக்டோபர் 3

தமிழ்ல தேடுறதுக்கு, நாமளே இன்னிக்கே செய்யக்கூடியது. நிறுவின மென்பொருள் மெனுவுல தமிழ்ச் சொல்லுக்கு வரணும்னா: யுஎஸ்ஆர், ஷேர், அப்ளிகேஷன்ஸ்ல உள்ள டெஸ்க்டாப் கோப்பை, வீட்டு அடைவுல புள்ளி லோக்கல், ஷேர், அப்ளிகேஷன்ஸ்க்கு நகல் எடுங்க. மூலத்தைத் தொடாதீங்க, அடுத்த மேம்படுத்தல்ல அழிஞ்சுரும். நகல்ல "கீவேர்ட்ஸ்", சதுர அடைப்புக்குள்ள டிஏ, சமக்குறி, அப்புறம் சொற்கள், ஒவ்வொண்ணுக்கும் பின்னால அரைப்புள்ளி, கடைசிச் சொல்லுக்கும் சேத்து. டெஸ்க்டாப்-ஃபைல்-வேலிடேட் ஓட்டிப் பாத்துக்கங்க.

கடல்; கடல் வரைபடம்; படகு; ஜிபிஎஸ்; புள்ளி; கரை;

மண்டபம், அக்டோபர் 4

மேல சொன்னது பாதிப் பேருக்கு வேலை செய்யாது. காரணம்: டிஏ அடைப்பு போட்ட வரியை, திரையமர்வு தமிழ்ல இருந்தாத்தான் மேசைச்சூழல் படிக்கும். நம்ம ஆளுங்க மெனுவை ஆங்கிலத்துலயே வச்சுக்கிட்டு, தட்டச்சு மட்டும் தமிழ்ல செய்யறவங்க. அவங்களுக்கு அந்த வரி இல்லாத மாதிரிதான். உள்ளூர் நகல்ல அடைப்பு இல்லாத பொதுக் "கீவேர்ட்ஸ்" வரியிலயே ஆங்கிலச் சொற்களுக்குப் பின்னால தமிழ்ச் சொற்களையும் சேத்துருங்க. அழகு இல்ல, ஆனா தேடினா வரும்.

கீழக்கரை, அக்டோபர் 5

இன்னொரு இடத்துல சறுக்கும். "தொழில்", "கோடு" மாதிரிச் சொல்லுல உள்ள ஒகர, ஓகாரக் குறியை ஒற்றைக் குறியீடாவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு அல்லது ரெட்டைக்கொம்பும் காலும்னு ரெண்டு குறியீடாவும் எழுதலாம். திரையில ரெண்டும் ஒண்ணுதான், கணினிக்கு வேற வேற. பழைய எழுத்துருலேர்ந்து மாத்தின கோப்புல ரெண்டாவது வகை நெறைய வரும். அதை வெட்டி ஒட்டினா தேடல்ல சிக்காம போகலாம். ஐசியு-டெவ்டூல்ஸ்ல உள்ள யூகான்வ் மைனஸ் எக்ஸ் எனி-என்எஃப்சி ஓட்டினா எல்லாம் ஒற்றைக் குறியீடாயிடும். "ஸ்ரீ"க்கு இது உதவாது. அதை ரெண்டு வெவ்வேற மெய்யால எழுதலாம், இந்த இயல்பாக்கல் (ஒரே வடிவத்துக்கு மாத்தறது) அதை ஒண்ணாக்காது. சொல்பட்டியல்ல ரெண்டு வடிவத்தையும் போடுங்க.

மண்டபம், அக்டோபர் 9

எட்டு கணினிக்கும் ஒரே மூட்டை கட்ட எக்விவ்ஸ். எக்விவ்ஸ்-கன்ட்ரோல்னு தட்டிக் கோப்புப் பேர் குடுத்தா மாதிரிப் படிவம் வரும். பேக்கேஜ் பேர்ல ஆங்கிலச் சின்ன எழுத்து, எண், கூட்டல், கழித்தல், புள்ளி மட்டும்தான் வரலாம், தமிழ் ஏத்துக்காது. "டிபெண்ட்ஸ்" வரியில ஓபன்சிபிஎன், ஜிபிஎஸ்பேபல், ஜிபிஎஸ்டி, ஜிபிஎஸ்டி-கிளையன்ட்ஸ். "டிஸ்கிரிப்ஷன்"ல தமிழ்ல எழுதலாம். அங்க எழுதினதை ஆப்ட் சர்ச் படகுன்னு தமிழ் எழுத்துலயே தேடி எடுக்கலாம். விவரத்தோட ரெண்டாம் வரியிலேர்ந்து ஒவ்வொரு வரியும் ஒரு இடைவெளியோட தொடங்கணும். நடுவுல வெத்து வரி வேணும்னா இடைவெளியும் ஒரு புள்ளியும். இதைத் தவறவிட்டா எக்விவ்ஸ்-பில்ட் கட்டாம நிக்கும்.

கட்டின டெப் கோப்பை டிபிகேஜி மைனஸ் ஐ போட்டு நிறுவாதீங்க, சார்ந்ததைத் தேடி எடுக்காது. சூடோ ஆப்ட் இன்ஸ்டால் புள்ளி சாய்கோடு கோப்புப்பேர். அந்தப் புள்ளியும் சாய்கோடும் இல்லாட்டி களஞ்சியத்துல அந்தப் பேர்ல தேடி இல்லன்னு சொல்லும். "_ஆப்ட் பயனரால அணுக முடியல"ன்னு ஒரு குறிப்பு வரலாம். வீட்டு அடைவு பூட்டியிருக்குன்னு அர்த்தம், அதனால கெடுதல் இல்ல.

தொண்டி, அக்டோபர் 12

எட்டுலயும் ஏறிருச்சு அண்ணே. யுஎஸ்பி ஜிபிஎஸ் சொருகினா ஓபன்சிபிஎன் எடுக்க மாட்டேங்குது. ஒரு கணினியில மட்டும் எடுக்குது.

மண்டபம், அக்டோபர் 12

பயனரை டயலவுட் குழுவுல சேக்கணும்: சூடோ யூசர்மாட் மைனஸ் ஏஜி டயலவுட், பயனர் பேர். வெளியேறி உள்ள வந்தாத்தான் பிடிக்கும். அதுக்கப்புறமும் வரலன்னா, ஜிபிஎஸ் கருவியைப் படிச்சு மத்த மென்பொருளுக்குக் குடுக்கிற ஜிபிஎஸ்டி அந்தத் துறையை (போர்ட்டை) பிடிச்சு வச்சிருக்கும். ஒரே துறையை ரெண்டு பேர் படிச்சா ரெண்டு பேருக்கும் அரைகுறைதான். ஓபன்சிபிஎன் இணைப்புல சீரியலை எடுத்துட்டு நெட்வொர்க், ஜிபிஎஸ்டி, லோக்கல்ஹோஸ்ட், 2947.

கூட வர்ற உலக வரைபடம் மேலோட்டமானது. பாம்பன் வாய்க்கால்லயோ பார்கள் (கடலடிப் பாறைத்திட்டு) உள்ள பக்கத்துலயோ அதை நம்பிப் படகு விடக்கூடாது. பதிஞ்ச புள்ளிகளைக் கரையில உக்காந்து பாக்க மட்டும் போதும்.

தொண்டி, அக்டோபர் 26

மேம்படுத்தும்போது மழையில கரண்ட் போயிருச்சு. இப்ப எதை நிறுவினாலும் முடியல.

கீழக்கரை, அக்டோபர் 26

சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் மைனஸ் ஏ. அது முடிஞ்சதும் சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-ப்ரோக்கன் இன்ஸ்டால். "லாக்-ஃப்ரன்டெண்ட்"னு செய்தி வந்தா அந்தக் கோப்பை அழிக்காதீங்க தம்பி, பின்னணியில தானியங்கி மேம்படுத்தல் ஓடிட்டு இருக்கும், முடியற வரை விடுங்க. ஹேஷ் சம் பொருந்தலன்னா வார், லிப், ஆப்ட், லிஸ்ட்ஸ்க்குள்ள உள்ளதை மட்டும் அழிச்சுட்டு மறுபடி அப்டேட். வாடை முடியற வரைக்கும் பேட்டரி நிக்கிற மடிக்கணினியையே கேச்சரா வச்சுக்கங்க.

அந்த எட்டுல 32 பிட் இருந்தா டெபியன் 13க்குத் தாவ வேண்டாம், அதுக்கு நிறுவியும் கெர்னலும் இல்ல. டெபியன் 12க்கு நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை இருக்கு.

மண்டபம், நவம்பர் 2

உள்ளூர் நகல் எட்டு கணினிக்குப் போதும். எல்லாருக்கும் கிடைக்கணும்னா சொற்கள் மூலத்துக்கே போகணும். அனுப்பறதுக்கு முன்னாடி பாருங்க: டெஸ்க்டாப் கோப்பு ".இன்"னு முடியற மாதிரிக் கோப்புலேர்ந்து உண்டாகுதுன்னா நேரடியாத் திருத்தினது தங்காது, டிஏ.பிஓ கோப்புல மொழிபெயர்க்கணும். மெட்டாஇன்ஃபோ கோப்பா (ஆப்ஸ்ட்ரீம் தகவல் எழுதற கோப்பு) இருந்தா சுருக்கத்துக்கும் திறவுச்சொல்லுக்கும் பக்கத்துல மொழிக்குறி டிஏ போட்டு இன்னொரு வரி, அப்புறம் ஆப்ஸ்ட்ரீம்சிஎல்ஐ வேலிடேட்.

சொற்களைப் பத்தி உங்க யோசனை வேணும். "வழிசெலுத்தல்"னு அகராதிச் சொல் போட்டா யாரும் தட்டப் போறதில்ல. சுருக்கத்துல அது இருக்கட்டும், திறவுச்சொல்லுல புழங்குற சொல் வேணும்.

தொண்டி, நவம்பர் 3

எங்க பக்கம் கேட்டு எழுதினது: ஜிபிஎஸ் பாயிண்ட், புள்ளி, கடல் மேப், எல்லைக்கோடு, ஓட்டம், பார், வலை போட்ட இடம்.

மண்டபம், நவம்பர் 3

"பார்" மட்டும் தனியா வேண்டாம் தம்பி. மெனுத் தேடல் சொல்லோட தொடக்கத்தை வச்சுப் பொருத்தும். "பார்" தட்டினா "பார்வை", "பார்க்க"ன்னு தொடங்கற படம் பாக்கிற மென்பொருளெல்லாம் கூடவே வந்து நிக்கும். "கடல்பார்"னு போடுவோம். "எல்லைக்கோடு" இருக்கட்டும், சுருக்கத்துல மட்டும் எல்லையைக் காட்டும்னு எழுத வேண்டாம், மென்பொருள் தானா அதைச் செய்யாது. மத்ததையெல்லாம் இன்னிக்கு ராத்திரி இயல்பாக்கி ஒரு கோப்பா வைக்கிறேன், காக்கா ஒருதடவை பாத்துட்டு அனுப்பட்டும்.